யாருக்கும் தெரியாமல் வேலை தேடுவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

படிப்பு முடிந்து ஏழு மாதம் ஆகிறது. 140 இடங்களுக்கு பயோடேட்டா அனுப்பியதில் இன்டர்வியூவுக்கு அழைத்தது மூன்றே பேர். மூன்றிலும் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதுமே நாக்கு ஒட்டிக்கொண்டது. அதற்கு என்ன பதில் சொல்வது? பயோடேட்டா ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? நான் வேலை தேடுவது நண்பர்களுக்குக்கூடத் தெரியாது. கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

பயோடேட்டா அவர்கள் கையிலேயே இருக்கிறது, அதை ஒப்பிக்காதீர்கள். 'கடின உழைப்பாளி' என்று உங்களுக்கு நீங்களே நற்சான்றிதழும் கொடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் செய்த ஒரு காரியம், எங்கே மாட்டிக்கொண்டீர்கள், எப்படிச் சமாளித்தீர்கள், இந்த வேலைக்கு அது எப்படி உதவும். இரண்டு நிமிடம் போதும். வீட்டில் நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பக்கக் கணக்கெல்லாம் ஒரு கவலையா? ஒரு பக்கம் தாராளம். ஆனால் 140 இடத்துக்கும் அதே பக்கமா போனது? அதற்குப் பெயர் விண்ணப்பமா, நோட்டீஸா?

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். சில நாட்களாகவே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது 23 வயது. தினமும் காலை ஒன்பது மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பையில் காலி டிபன் பாக்ஸ். உள்ளே கிடந்த ஸ்பூன் நடக்க நடக்கக் கடகடக்கும். தெருவில் எல்லோரும் நான் வேலைக்குப் போவதாக நினைத்தார்கள். நான் போனது நூலகத்துக்கு. எட்டு மாதம்! பேப்பர் படிக்க வரும் பெரியவர் ஒருவர் ஒருநாள், "தம்பி, தினமும் வர்றீங்களே, வேலை தேடுறீங்களா?" என்றார். முன்பின் பழக்கமில்லாதவர் என்பதால் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து ஒரு பெயர் எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன்.

அதிர்ஷ்டம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரையைப் பிறகுதான் படித்தேன். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்த ஆளை எத்தனை தடவை பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 56, அபூர்வமாக என்றவர்கள் 28. யோசித்தால் புரியும். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். அரைகுறைப் பழக்கமுள்ளவர் புழங்கும் உலகம் வேறு.

நீங்களோ நண்பனிடமே மூச்சு விடவில்லை! இதில் என்ன வெட்கம்? 140 முகம் தெரியாதவர்களிடம் கேட்க வராத வெட்கம், கூடப் படித்த சீனியரிடம் கேட்க மட்டும் வருகிறதாக்கும்.

"ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். எதிரில் இருப்பவருக்கு 'பார்க்கலாம்' என்பதைத் தவிர வேறு பதில் இருக்காது. இன்ன வேலை தேடுகிறேன், அந்தத் துறையில் யாரோடு பத்து நிமிடம் பேசலாம் என்று கேளுங்கள். ஒரு பெயராவது தருவார்கள். பேசிய பிறகு நடந்ததை, பெயர் கொடுத்தவருக்குத் தெரியப்படுத்துங்கள்.

உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். என்ன படித்தீர்கள், என்ன வேலை தேடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. என்னிடமும் மறைத்துவிட்டீர்களே! இன்றே எழுதி அனுப்புங்கள்.