ஆசிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்: எப்படி உள்ளே போவது? (கேள்வி பதில்)

கிளப் அணிகள் ஏஎஃப்சி (ஆசியக் கால்பந்துச் சம்மேளனம்) நடத்தும் மகளிர் சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெறுவதைப் பற்றி மட்டும் கேளுங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய அட்டவணைப் படத்தை நம்பாதீர்கள். இந்த விதிகள் சீசனுக்குச் சீசன் மாறுகின்றன.

கே: அக்கா, ஐடபிள்யூஎல் (இந்திய மகளிர் லீக்) ஜெயித்தால் நேராக உள்ளே போய்விடலாமா?

முடியாது. ஐடபிள்யூஎல் பட்டம் முதல்நிலைச் சுற்றுக்குத்தான் டிக்கெட். பிரதான சுற்றில் 12 அணிகள், நான்கு நான்காக மூன்று பிரிவு. முன்னணி நாடுகளின் சாம்பியன்கள் நேராக அங்கே இறங்குவார்கள். மீதி இடங்களுக்கு முதல்நிலைச் சுற்றில் மோத வேண்டும். அங்கே பிரிவில் முதலிடம் மட்டும்தான் கணக்கு, இரண்டாமிடம் வந்தால் வீட்டுக்கு. 2024-25இல் 13 அணிகள், நான்கு பிரிவு, நான்கு இடம். 2025-26இல் ஐந்து பிரிவு ஆனது, நேரடி இடம் அந்த அளவு குறைந்தது. பழைய படம் வேண்டாம் என்று சொன்னது இதற்குத்தான்.

கே: லீக்கில் இரண்டாமிடம் வந்த அணி?

ஒரு நாட்டுக்கு ஒரு கிளப். இல்லை.

கே: முதல்நிலைப் பிரிவில் மூன்றே அணிகள் இருந்தால் யாருக்கு லாபம்?

நல்ல கேள்வி. மூன்று அணி என்றால் மூன்று ஆட்டநாள், ஒவ்வொரு நாளும் ஒரு அணிக்கு ஓய்வு. நடு நாளில் ஓய்வு கிடைக்கும் அணிக்குத்தான் வசதி: கடைசி ஆட்டத்தில் என்ன தேவை என்று தெரிந்து இறங்கலாம், கால்களும் புத்துணர்ச்சியோடு இருக்கும். 2025 ஆகஸ்டில் கம்போடியாவின் புனோம் பென்னில் நம் ஈஸ்ட் பெங்கால் அப்படித்தான் கடந்தது. முதலில் புனோம் பென் கிரவுனை 1-0 என வென்றது, பிறகு ஹாங்காங்கின் கிட்சியோடு 1-1. 4 புள்ளியே போதுமானதாக இருந்தது. முதல் ஆட்டத்தில் தோற்றிருந்தால் இந்த வசதியெல்லாம் பேச்சுக்கே இல்லை. இரண்டே ஆட்டம் கொண்ட பிரிவில் முதல் தோல்வி பெரும்பாலும் கடைசித் தோல்வி.

கே: ஐரோப்பாவிலும் இதே முறையா?

இல்லை. அங்கே 2025-26 முதல் 18 அணிகளுக்கு ஒரே பட்டியல், ஆளுக்கு 6 ஆட்டம். முதல் நான்கு அணிகள் நேராகக் காலிறுதிக்கு, 5 முதல் 12 வரை பிளே-ஆஃப், மற்றவர்கள் வெளியே. இங்கே ஆசியாவோடு நிற்போம்.

கே: பிரிவில் புள்ளி சமமானால் கோல் வித்தியாசம்தானே?

இல்லை! சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்கள்தான் முதலில்: அந்த ஆட்டங்களின் புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல். அதற்குப் பிறகுதான் மொத்தக் கோல் வித்தியாசம்.

க, ச, த மூன்றும் 6 புள்ளி, மூன்றுமே ப-வை வென்றுள்ளன என்று வைத்துக்கொள்வோம். க 1-0 ச. ச 3-0 த. த 2-1 க. ப-வை க 9-0, ச 1-0, த 5-0 என வென்றன. மொத்தக் கணக்கில் க +9, ச +3, த +3. ஆனால் ப-வோடு ஆடியதை ஒதுக்கினால் ச +2, க 0, த -2. முதலிடம் ச-வுக்கு. க அடித்த 9 கோல் இந்த இடத்தில் செல்லாது.

கே: அப்படியானால் 9-0 வெறும் வீண்தானா? இது அநியாயம் இல்லையா?

வீண் இல்லை. மூன்றாமிடம் வந்த மூன்று அணிகளில் இரண்டு காலிறுதிக்குப் போகும். அவை வேறு வேறு பிரிவு, ஒன்றோடொன்று ஆடியதே இல்லை. அங்கே புள்ளிக்கு அடுத்து மொத்தக் கோல் வித்தியாசம்தான். நம் ஒடிஷா எஃப்சி 2024இல் ஜப்பானின் உராவாவிடம் 17-0 எனத் தோற்றதே, அப்படி ஒரு ஸ்கோர் இங்கேதான் வந்து கழுத்தைப் பிடிக்கும். 2025 நவம்பரில் சீனாவின் வூஹானில் ஈஸ்ட் பெங்கால் ஈரானின் பாம் காத்தூனை 3-1 என வென்றது, உள்ளூர் அணி வூஹான் ஜியாங்டாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானின் நசாஃபிடம் 0-3 எனத் தோற்றது. அடித்தது 3, வாங்கியது 6. காலிறுதி கிடைக்கவில்லை. 0-2 ஆனதும் முன்னால் ஓடி மூன்றாவதை வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை நம் அணிகள் விட வேண்டும்.

கே: அக்கா சொல்வதை ஏற்க முடியாது. ஐரோப்பாவில் கோல் வித்தியாசம்தான் முதலில். அதுவே நியாயம்.

அங்கே 18 அணியில் ஒன்று 6 பேரோடுதான் ஆடும். ஆடாதவர்களுக்குள் நேருக்கு நேர் கணக்கு எப்படிப் பார்ப்பது? வேறு வழியில்லாமல்தான் கோல் வித்தியாசம். ஆசியாவில் பலம் மலைக்கும் மடுவுக்கும். கடைசி அணியை யார் எத்தனை கோல் அடித்தார் என்பதை வைத்து முதலிடம் கொடுப்பதுதான் எனக்கு அநியாயமாகப் படுகிறது.

கே: ஆனால் கடைசி அணி சோர்ந்துபோய்...

ஏழு நாளில் மூன்று ஆட்டம். எல்லோரும்தான் சோர்வார்கள். நான் சொன்னதற்கு இதுவே ஆதாரம்.

கே: மதுரை சேது எஃப்சி ஏன் போகவில்லை?

2018-19 ஐடபிள்யூஎல் பட்டம் அவர்களுடையது. ஆனால் 2019இல் நடந்தது இந்த லீக்குக்கு முன்னோடியான கிளப் சாம்பியன்ஷிப்பின் சோதனைப் போட்டி. ஜப்பான், கொரியா, சீனா, ஆஸ்திரேலியா கிளப்புகள் மட்டும். இந்தியாவுக்கு இடமே இல்லை. அடுத்த சாம்பியன் கோகுலம் கேரளாதான் 2021இல் அந்த முன்னோடிப் போட்டிக்குப் போனது.

கே: 2022இல் கோகுலம் போயும் ஆடவில்லையாமே?

ஆகஸ்ட் நடுவில் ஃபிஃபா இந்தியச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது, மூன்றாம் தரப்புத் தலையீடு என்று. அணி அப்போது உஸ்பெகிஸ்தானில் இறங்கிவிட்டது. சம்மேளனம் இடைநீக்கத்தில் இருந்தால் அதன் கிளப்பும் சர்வதேசப் போட்டியில் ஆட முடியாது. 26ஆம் தேதி தடை நீங்கியது, ஆனால் அவர்களின் முதல் ஆட்டம் 23ஆம் தேதி. மைதானத்தில் தகுதி பெற்றால் மட்டும் போதாது.

கே: புள்ளி சமமானால் கோல் வித்தியாசம்தானே முதலில்?

மேலே க, ச, த. படித்துவிட்டு வாருங்கள்.

கே: எல்லாமே சமமாக இருந்தால்?

சமமான இரண்டு அணிகளும் கடைசி ஆட்டத்தில் ஒன்றோடொன்று ஆடிக்கொண்டிருந்தால் அங்கேயே பெனால்டி ஷூட்-அவுட். இல்லையென்றால் அட்டைக் கணக்கு: மஞ்சள் 1, இரண்டு மஞ்சளால் சிவப்பு 3, நேரடி சிவப்பு 3, மஞ்சளுக்குப் பின் நேரடி சிவப்பு 4. குறைவாக வாங்கியவர் மேலே. அதுவும் சமம் என்றால் குலுக்கல். கடைசி ஐந்து நிமிடத்தில் நடுவரிடம் வாதாடி மஞ்சள் வாங்கும் கேப்டன்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.