தும்பிக்கை போட்ட இலை

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் வசிக்கிறேன். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, மாலையில் ஆறு பேருக்குப் பாடம் எடுக்கிறேன். அவர்களில் ஒருவர் கொத்தனார். வயது 54, என் அப்பாவைவிட மூத்தவர். எழுத்து கோட்டில் உட்காரவில்லை என்று அழித்து அழித்து எழுதித் தாளையே கிழித்துவிடுகிறார். ஒவ்வொரு முறையும் “மன்னித்துவிடுங்கள் டீச்சர்” என்கிறார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சொல்லிக்கொடுப்பவரும் கற்றுக்கொள்வார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் என்னிடம் எழுத்துக் கற்கிறார், சரி. நான் அவரிடம் என்ன கற்கிறேன்? தயவுசெய்து ‘பொறுமை’ என்று சொல்லிவிடாதீர்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சொல்லமாட்டேன். பொறுமை என்னிடம் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். நம் பகுதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் இருந்த காலம். அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டனாகக் குடியாத்தம் பக்கம் ஒரு தெருவில் நானும் பாடம் எடுத்தேன். வந்தவர்கள் எல்லோரும் பீடி சுற்றும் பெண்கள். மடியில் முறம் இருக்கும், கை சுற்றிக்கொண்டே இருக்கும், கண் மட்டும் கரும்பலகையில். முதல் வாரம் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டல் நடத்தினேன். ஓர் அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கட்டுக்கு 25 பீடி, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம், ஆயிரத்துக்குத்தான் கூலி. இருபத்தைந்தாம் வாய்ப்பாடு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்குப் பதினாறுக்கு மேல் தடுமாறும். மறுநாள் கணக்கை 25இலிருந்து தொடங்கினேன்.

அதே அக்காவை ‘இலை’ என்று எழுதச் சொன்னேன். சிறுமியாக இரண்டு வகுப்பு படித்தவர்; வயது நாற்பதை நெருங்கியிருந்தது. ல-வோடு யானைத் தும்பிக்கை போன்ற வளைவைச் சேர்த்துப் பழைய லை போட்டார். நான் சிவப்பு மையால் சுழித்தேன்.

“நான் படித்தபோது இதுதானே சரி? எப்போது தப்பாகிப்போனது?”

1978 அக்டோபரில் அரசாணை வந்தது, 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றினார்கள் என்று விளக்கினேன்.

“எனக்கு யாரும் சொல்லவில்லையே, தம்பி.”

(சாதாரண நாளில் நான் தம்பி, வீட்டுப்பாடம் எழுதாத நாளில் சார்.) ஒன்றாம் வகுப்பில் நானும் அதே தும்பிக்கையை வளைத்துப் பழகியவன்தான். அது அடியோடு மறந்துபோயிருந்தது. அதன் பிறகு சிவப்புப் பேனாவை வகுப்புக்கு எடுத்துப் போகவில்லை.

இதெல்லாம் மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிற பகுதி. அடுத்ததை நான் அதிகம் சொன்னதில்லை.

எழுத்துக் கூட்டத் தொடங்கியதும் அக்கா முதலில் படித்தது, கொடுத்த பீடிக் கணக்கை எழுதும் தன் பாஸ் புத்தகத்தை. கொடுத்த பீடியைவிடக் குறைவாகப் பதிவாகியிருந்தது. போய்க் கேட்டார். ஒப்பந்தக்காரர் சத்தம் போடவில்லை. மறுநாளிலிருந்து இலையும் தரவில்லை, தூளும் தரவில்லை. பத்து நாள் முறம் காலி. படித்தால் விடியும் என்று தெருத்தெருவாகப் பாடிய எனக்கு அந்தப் பத்து நாளும் சோறு இறங்கவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒப்பந்தக்காரரிடம் போனேன். “அறியாமல் கேட்டுவிட்டார், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்” என்று கெஞ்சினேன்.

விஷயம் அக்காவின் காதுக்குப் போய்விட்டது.

“அறியாமலா கேட்டேன்? அறிந்துதானே கேட்டேன். உங்களை யார் போகச் சொன்னது, சார்?”

அந்தச் சார், வீட்டுப்பாடத்துச் சார் இல்லை.

பிறகு வேறோர் ஆளிடம் இலை வாங்கினார். பதிவைத் தன் கண்ணால் பார்க்காமல் அங்கிருந்து நகரமாட்டாராம். ஒரு வாரம் கழித்து என் வகுப்புக்கும் வந்தார். மலையைப் புது லையில் எழுதினார், விலையைப் புது லையில் எழுதினார், இலையை மட்டும் தும்பிக்கையோடுதான். நான் திருத்தவில்லை.

எழுத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதை அவர் எங்கே செலவழிக்கிறார் என்று பின்னாலேயே போய் நின்றேன் பாருங்கள், அந்தப் புத்தி எனக்கு அன்றோடு குறைந்தது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இதோ, கேட்டதற்கு மேல் உங்களுக்கு யோசனை சொல்ல வந்துவிட்டேன்.

உங்கள் கொத்தனார் கூச்சத்தால் அழிக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. நூல் பிடித்து, ரசமட்டம் வைத்துக் கல் அடுக்குகிறவர். ஒரு கல் துருத்தினால் பிரித்துக் கட்டுகிற கை. சாய்ந்து நிற்கிற ‘க’வை அது எப்படி விட்டுவைக்கும்? நீங்கள் “பரவாயில்லை, பரவாயில்லை” என்று சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கோணல் சுவரைப் பார்த்து மேஸ்திரி ஒருவர் அப்படிச் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்?

அடுத்த வகுப்பில் கோடு போடாத நோட்டு ஒன்றைக் கொடுத்து, கோட்டை அவரையே போடச் சொல்லுங்கள். இரண்டு சொற்களுக்கு நடுவே எவ்வளவு சந்து விடலாம் என்றும் அவரிடமே கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.