ராயபுரம் மொட்டை மாடியில் கிறிஸ்துமஸ் விருந்துக்கான காய்களை நாமே வளர்க்க முடியுமா? எப்போது விதைக்க வேண்டும்?

எல்லாவற்றையும் முடியாது. ஆனால் பிரியாணிக்குப் புதினா, கொத்தமல்லி, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் மூன்றும் நம் மாடியிலிருந்தே வரலாம்.

டிசம்பர் 25-லிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கத்திரிக்கு நாற்று விட ஒரு மாதம், நட்டபின் காய்க்க இரண்டு மாதம். கணக்குப்படி செப்டம்பர் கடைசி போதும். ஆனால் ஒரு மாதம் முன்பே, ஆகஸ்ட் கடைசியில் விதைத்தால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் செடி வேர் பிடித்துவிடும். தக்காளிக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான், ஆனால் அடைமழையில் பூ உதிரும், அதை நம்பி விருந்து வைக்காதீர்கள். புதினாவுக்கு விதையே வேண்டாம். சமையலுக்கு வாங்கிய கட்டிலிருந்து தடித்த தண்டுகளை அக்டோபரில் ஊன்றுங்கள். கொத்தமல்லியைத் தேய்த்து இரண்டாக உடைத்து, நவம்பர் இரண்டாம் வாரம் தூவுங்கள். முள்ளங்கியும் அப்போதே.

நம் பக்கம் உண்மையான தலைவலி மழைதான். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது நினைவிருக்கும். தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடியில் துளை அடைபடாமல் பாருங்கள். தேங்காய் நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்து வைக்கும், மழைக்காலத்தில் அதைக் குறைத்து மணல் கூட்டலாம். புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரோரம் இறக்கிவிடுங்கள். கடற்காற்று அடித்த மறுநாள் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், உப்பு படிந்தால் ஓரம் கருகும். உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீர் வேண்டாம், மழைநீரைப் பிடித்து வையுங்கள்.

அப்புறம், கேரட்டும் பீன்ஸும் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கேரட்டுக்கு ஊட்டிக் குளிர்தான் சரி.