போதும் என்று சொல்லத் தெரிந்த குழந்தை

அன்புள்ள ஐயா,

நாங்கள் காட்பாடியில் வசிக்கிறோம். எல்.கே.ஜி. படிக்கும் நான்கு வயது மகள், கைபேசியில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறாள். நானும் கணவரும் வேலைக்குச் செல்வதால் மாமியார்தான் ஊட்டுகிறார். டிபனை மிச்சம் வைக்கிறாள் என்றும், வீட்டில் தினமும் ஒரு பக்கம் எழுத வைக்க வேண்டும் என்றும் வகுப்பாசிரியை டைரியில் எழுதுகிறார். எடை சரியாக இருப்பதாக மருத்துவர் சொல்லிவிட்டார். படிப்பு, விளையாட்டு, உணவு, உறக்கம் நான்கையும் அளவாகப் பழக்க ஓர் அட்டவணை தர முடியுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அட்டவணை தரமாட்டேன். உங்கள் மகளுக்கு மணி பார்க்கத் தெரியாது. சுவரில் ஒட்டியதைப் படிக்கப்போவதும், படித்துவிட்டு அவளை அதட்டப்போவதும் நீங்கள்தான். நான்கு வயதில் ஒரு பக்கம் எழுதாவிட்டால் குடிமுழுகிப் போகாது என்பதை அந்த டைரியிலேயே பணிவாக எழுதி அனுப்பிவிடுங்கள்.

பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறாள் என்ற வரிதான் என்னை உறுத்தியது, ஏனெனில் அதே குற்றத்தை உங்கள் ஊரிலேயே நான் செய்திருக்கிறேன். என் மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது, பருப்புசாதக் கிண்ணமும் பிளாட்பார டிக்கெட்டுமாக மாலை வேளைகளில் காட்பாடி ரயில் நிலையத்துக்குப் போவேன். ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து சரக்கு ரயில் வந்தால், ஐந்து பெட்டிக்கு ஒரு வாய் என்ற கணக்கில் ஊட்டிவிடுவேன். கடைசிப் பெட்டி போகும்போது கிண்ணம் காலியாகியிருக்கும். ஏதோ கோட்டையைப் பிடித்த பெருமையுடன் வீடு திரும்புவேன். ஒரு நாள் அவ்வளவையும் என் சட்டை மீதே வாந்தி எடுத்துவிட்டாள். கடைசி நான்கைந்து வாய்க்கும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

குடியாத்தத்துக்கு அருகே என் பாட்டி வீட்டில் இப்படி நடந்ததில்லை. கேழ்வரகுக் களியைக் கிண்டி இறக்கி, ஈரக்கையால் உருட்டித் தட்டில் வைத்து, நடுவே குழி செய்து கீரைக் கடைசலை ஊற்றி முன்னால் தள்ளிவிடுவார். சூட்டுக்குப் பயந்து ஓரத்திலிருந்து கிள்ளித் தின்போம். யாராவது ஊட்ட வந்தால், "பசிச்சா அதுவே துன்னும், உட்டுடு" என்பார். போதும் என்றால் மறுபேச்சில்லாமல் தட்டை எடுத்துக்கொள்வார். மிஞ்சிய களி தண்ணீருக்குள் போய், மறுநாள் காலையில் மோர் விட்டுக் கரைத்த கூழாகும். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது நான் மூன்றாம் வகுப்பு. அங்கும் அதே வழக்கம்தான்: தட்டின் குறுக்கே கையை நீட்டினால் ஆயாவின் கரண்டி அந்தரத்தில் நின்றுவிடும்.

இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். சாப்பாட்டின்போது அவள் போதும் என்றால் நீங்கள் கேட்பதில்லை; கண்ணைப் பாட்டில் கட்டிப்போட்டு, வயிறு சொல்வது அவளுக்கே எட்டாமல் செய்துவிடுகிறீர்கள். பிறகு அதே கைபேசியை அவளிடம் கொடுத்துவிட்டு, அதில் மட்டும் அவளாகவே போதும் என்று நிறுத்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அந்தச் சொல்லுக்கு வீட்டில் மதிப்பில்லை என்று பழகிய குழந்தை அதை எங்கிருந்து எடுப்பாள்? மிச்சமான டிபனுக்குத் திட்டு விழுந்தால் நாளைக்கு அவள் அதைப் பள்ளிக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டுக் காலி டப்பாவுடன் வருவாள். அப்போது ஆசிரியையும் மகிழ்வார், நீங்களும் மகிழ்வீர்கள்.

நீங்கள் கேட்டதற்காக ஒரு கணக்கு. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேர உறக்கமும், ஓடியாட 3 மணி நேரமும் வேண்டும், திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. காலை வேனுக்கு ஆறரைக்கு எழுப்புகிறீர்கள் என்றால் எட்டரைக்கு அவள் உறங்க வேண்டும். அதற்கு உங்கள் வீட்டுத் தொலைக்காட்சி எட்டு மணிக்கே அணைய வேண்டும்.

மாமியாரைக் கடிந்துகொள்ளாதீர்கள். மிச்சம் வைத்தால் மருமகள் என்ன சொல்வாளோ என்ற பயத்தில்தான் அவர் பாட்டுப் போடுகிறார். மிச்சம் வைத்தாலும் பரவாயில்லை என்று நீங்களே அவரிடம் சொல்லிவிட்டு, நாளை முதல் தட்டைக் குழந்தையின் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். சில வாரங்களுக்குத் தரையெல்லாம் சோறாக இருக்கும். அதைத் துடைக்கும் வேலையை உங்கள் கணவரிடம் கொடுங்கள்.