மாத்திரை இல்லாமல் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் குறையுமா? என் கழுத்துக் கறுப்பின் கதை

கேள்வி: வயது 34. எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.0 வந்திருக்கிறது. இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் என்கிறார் டாக்டர். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். எங்கே தொடங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

எனக்கு இது தெரியவந்தது சலூனில். பின்கழுத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர், ஈரத்துணியால் இரண்டு மூன்று தரம் அழுத்தித் துடைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது அழுக்கில்லீங்க. தோலே கறுத்திருக்குது. எங்கப்பாருக்கும் இப்படித்தான் இருந்துச்சு, அப்பறம் சக்கரை வந்துருச்சு" என்றார். அதற்கு முன் ஒரு வருடமாக என் மனைவி பீர்க்கங்காய் நாரும் கடலைமாவுமாக அந்தக் கழுத்தோடு போராடிக்கொண்டிருந்தாள். ரத்தத்தில் இன்சுலின் தொடர்ந்து அதிகமாக இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. நாரா குற்றவாளி, பாவம்.

அப்போது எனக்கு 41 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி ஆபீசில் கணக்கு வேலை. காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டு மணி. ரிப்போர்ட் இப்படி வந்தது: வெறும் வயிற்றில் சர்க்கரை 109, எச்பிஏ1சி 6.2, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 236, நல்ல கொழுப்பு என்கிற ஹெச்டிஎல் 34. ஸ்கேனில் ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் கொழுப்பு, முதல் கிரேடு. டாக்டர் வெறும் வயிற்று இன்சுலினையும் பார்க்கச் சொன்னார், 19 இருந்தது. சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் வருவதற்கு ஹோமா ஐஆர் என்று பெயர். எனக்கு 5.1. ஆரோக்கியமான உடம்பில் இது பெரும்பாலும் இரண்டைச் சுற்றியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும் என்றார்.

இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் என்றால் இதுதான். தெருவில் விளையாடும் பிள்ளையை அம்மா கூப்பிடுகிறாள். முதல் குரலுக்கு வரவில்லை என்றால் தொண்டையைப் பெரிதாக்குகிறாள். பிள்ளை வந்துவிடும்தான், ஆனால் அம்மாவுக்குத் தொண்டை போய்விடும். தசையும் கல்லீரலும் அந்தப் பிள்ளை, கணையம் அந்த அம்மா, அது சுரக்கும் இன்சுலின்தான் குரல். கணையம் கத்திக் கத்தியே பல வருடம் சர்க்கரையை 100க்குள் வைத்திருக்கும். அதனால்தான் "சுகர் நார்மல்" என்று ரிப்போர்ட் வரும் காலத்திலேயே உள்ளே இது ஓடிக்கொண்டிருக்கும். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்பது குரல் கம்மத் தொடங்கிய கட்டம். 6.5 ஆனால் சர்க்கரை நோய் என்றே எழுதிவிடுவார்கள்.

"நான் ஒன்றும் குண்டு இல்லையே" என்று டாக்டரிடம் வாதாடினேன். 168 செ.மீ. உயரம், 74 கிலோ. அவர் டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார்: 97 செ.மீ. நம் ஊர் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டினாலே கவலைப்பட வேண்டும். பிறகு ஒரு படத்தைக் காட்டினார். 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, ஒன்றேதான், 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்ற நம் ஆட்களின் அமைப்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

அடுத்து நான் செய்தது எல்லோரும் செய்யும் தப்பு. அரிசியை ஒரேயடியாக நிறுத்தினேன், யூடியூப் பார்த்து சிறுதானியத்துக்கு மாறினேன், சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி. காலையில் பெரிய டம்ளர் நிறைய ராகிக் கஞ்சி. உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையில் இரண்டாவது டம்ளரும் உண்டு. ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் குத்திப் பார்த்த அன்றுதான் தெளிந்தது: ராகிக் கஞ்சிக்கு 179. நான் பயந்து ஓடிய நாலு இட்லிக்கு 187. பெரிய வித்தியாசமே இல்லை. யோசித்தால் ஆச்சரியமும் இல்லை. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால் ராகியில் சுமார் 70 கிராம். அதையும் நைஸாக அரைத்து, கரைத்து, காய்ச்சிக் குடித்தால் மெல்லும் வேலைகூட மிச்சம். ராகியில் கால்சியமும் நாரும் அதிகம்தான், மறுக்கவில்லை, ஆனால் அளவில்லாமல் குடிக்க அது மோர் இல்லை. கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரைதான்.

பிறகு தட்டைத் திருப்பிப் போட்டேன். சோற்றுக்கே திரும்பினேன், ஆனால் வரிசையையும் அளவையும் மாற்றினேன். முதலில் ஒரு கிண்ணம் காய், அவரைக்காயோ பீன்ஸோ கீரையோ. அதோடு பயறு, இல்லாவிட்டால் இரண்டு முட்டை. இதெல்லாம் பாதி வயிறு நிரப்பிய பிறகுதான் சோறு, ஒரே ஒரு கரண்டி. கொங்குநாட்டுச் சமையலில் இதற்குக் கஷ்டப்படவே வேண்டாம். கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், தட்டப்பயறுக் குழம்பு எல்லாம் எங்கள் வீட்டில் எப்போதும் உள்ளவை. நாங்கள்தான் அவற்றைச் சோற்றில் ஊற்றும் குழம்பாக மட்டும் வைத்திருந்தோம். அதே இட்லியை, ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டலும் ஒரு முட்டையும் தின்ற பிறகு இரண்டு மட்டும் சாப்பிட்டேன். மீட்டர் 141 காட்டியது. இது என் ஒருவன் உடம்பு, வீட்டு மீட்டரும் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும், ஆராய்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் பல முறை பார்த்தும் இதே போக்குதான்.

அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. மூன்றாவது இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பார். "ஏஞ்சாமி, ரெண்டோட எந்திரிச்சா எப்புடி? எதுக்கும் ஆகாத மாதிரி எளச்சுப் போயிட்ட." நான் "போதுங்கம்மா" என்பதற்குள் அது தட்டில் விழுந்துவிடும். கடைசியில் முட்டையை அவரையே போடச் சொல்லிவிட்டேன். அவருக்குப் போட ஏதோ ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

டீயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆபீசில் ஐந்து டீ. கடை டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்தால் பத்து கிராம், நாளுக்கு ஐம்பது கிராம். இனிப்பே சாப்பிடுவதில்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இப்போது இரண்டு டீ, சர்க்கரை இல்லாமல். முதல் பத்து நாள் கஷாயம் குடித்த மாதிரி இருந்தது, பிறகு பழகிவிட்டது. கூட வரும் பன்னும் தேங்காய் பிஸ்கட்டும் தானாக நின்றன.

உடற்பயிற்சியில் ஜிம் எனக்கு ஒத்துவரவில்லை, மூன்று மாதப் பணம் கட்டிப் பதினோரு நாள் போனேன். நிலைத்தவை இரண்டே. ஒன்று, ராத்திரி சாப்பிட்டவுடன் இருபது நிமிட நடை. ஆரம்பத்தில் எதிர்வீட்டுக்காரர் "ஏனுங்க, வீட்ல ஏதாச்சும் சண்டைங்களா?" என்று கேட்டார். தெருநாய்களும் ஒரு வாரம் சந்தேகப்பட்டன. இன்னொன்று தோப்புக்கரணம், பதினைந்து வீதம் மூன்று தவணை, வாரம் நான்கு நாள். சிரிக்காதீர்கள். சாப்பிட்ட குளுக்கோஸில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை, அதிலும் தொடையும் பிட்டமும்தான் உடம்பின் பெரிய தசைகள். வேலை செய்யும் தசை இன்சுலின் கூப்பிடாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதன் பிறகும் ஒரு நாள் இரண்டு நாள் வரை இன்சுலினின் மெல்லிய குரலுக்கே திரும்பிப் பார்க்கும். அதனால்தான் ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் கிரிக்கெட் ஆடிவிட்டு ஆறு நாள் உட்கார்ந்திருப்பது போதாது. தொடர்ந்து இரண்டு நாள் விடக்கூடாது என்ற ஒரு விதியைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

எட்டு மாதத்தில் 74 கிலோ 67 ஆனது, இடுப்பு 89. வெறும் வயிற்றில் சர்க்கரை 94, இன்சுலின் 9, எச்பிஏ1சி 5.6, ட்ரைகிளிசரைடு 141. மாத்திரை எடுக்கவில்லை.

எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 531 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். எதுவும் செய்யாத குழுவில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவும் நடையும் மாற்றிய குழுவில் 39 சதவீதம். நிறையப் பேர் தப்பினார்கள், ஒழுங்காக இருந்தும் வந்தவர்களும் உண்டு. அந்த ஆய்விலேயே மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் கிட்டத்தட்ட அதே அளவு உதவியது. ஆகவே நாளை உங்கள் டாக்டர் மாத்திரை எழுதினால் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று சோற்றைக் குறைக்க வேண்டாம், சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம், முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடையில் தொடங்குங்கள், நாளைக்கு டீ, அடுத்த வாரம் தட்டு. எச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், அதற்கு முன் வேண்டாம். சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், பழைய அணுக்களில் படிந்த சர்க்கரையும் கணக்கில் வந்து உங்களைச் சோர்வாக்கும். ரத்தசோகை இருந்தால் அந்த எண்ணே தப்பாக வரலாம், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

கழுத்துக் கறுப்பு முக்கால்வாசி போய்விட்டது. போன மார்ச்சில் வருடக்கணக்கு முடிக்கும் நெருக்கடியில் ராத்திரி நடை நின்று, மூன்று கிலோ ஏறியபோது, வீட்டில் யாரும் கவனிப்பதற்கு முன் சலூன்காரர் சொல்லிவிட்டார்.