டேங்கை எடுத்துவிட்டார்கள், கசிந்த பெட்ரோல் எங்கே போனது?

கேள்வி: நான் வாங்க நினைக்கும் இடத்தில் முன்பு பெட்ரோல் பங்க் இருந்தது. பூமிக்கடியில் இருந்த டேங்குகளை எடுத்து, குழியை மணல் கொட்டி மூடி ஏழெட்டு வருடம் ஆகிறது. வாசனை எதுவும் இல்லை. ஓரத்தில் ஒரு ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. அந்தத் தண்ணீரை மட்டும் லேபில் கொடுத்துப் பார்த்தால் போதுமா?

போதாது. அந்தத் தண்ணீர் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தாலும் அதை நம்பிப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, மண்ணுக்குள் இறங்கி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன் மேல் மிதந்து பக்கவாட்டில் பரவும். ஆழ்துளைக் கிணறோ பெரும்பாலும் மேல் பகுதியைக் குழாய் இறக்கி அடைத்துவிட்டு அடியிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறது.

மண்ணை எங்கே தோண்டுவது என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். மூடிய குழியின் நடுவில் மேலாகத் தோண்டினால் வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மணல்தான் வரும். நமக்கு வேண்டியது அதற்கு அடியிலும் சுற்றிலும் இருக்கிற பழைய மண். அதைவிட முக்கியம், டேங்கிலிருந்து பம்புக்குப் போன பைப் பாதை, பம்பு நின்ற இடம், லாரியிலிருந்து எண்ணெய் இறக்கிய வாய். டேங்க் ஓட்டையாகாமலே பைப் இணைப்புகளில் வருடக்கணக்கில் சொட்டியிருக்கலாம். அதனால் பழைய வரைபடம், டேங்க் எடுத்தபோது பிடித்த போட்டோ, அன்று செய்த பரிசோதனை ரிப்போர்ட் எல்லாவற்றையும் விற்பவரிடம் முதலில் கேட்டு வாங்குங்கள்.

துளையிட்டு எடுத்த மண்ணை நீளவாக்கில் பிளந்து பார்த்தால், பழுப்பாக வந்துகொண்டிருந்த மண் ஒரு ஆழத்தில் பச்சை கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறுவது எண்ணெய் படிந்த இடங்களில் அடிக்கடி தெரியும். மூக்கை வைத்து முகர்ந்து பார்க்க வேண்டாம். கொஞ்சம் மண்ணைப் பையில் பாதியளவு போட்டுக் கட்டி, சில நிமிடம் விட்டு, உள்ளே சேர்ந்த ஆவியைக் கையடக்கக் கருவியால் அளப்பார்கள். எந்த ஆழத்தில் அளவு அதிகமோ அங்கிருந்து ஒரு மாதிரி, அதற்குக் கீழே சுத்தமாகத் தெரியும் ஆழத்திலிருந்து இன்னொன்று, இரண்டும் லேபுக்குப் போக வேண்டும். ஆனால் அந்தப் பை மண்ணையே அனுப்பக் கூடாது, பெட்ரோலில் இருக்கும், எளிதில் ஆவியாகும் நச்சுப் பொருளான பென்சீன் அதற்குள்ளாகவே பறந்துபோயிருக்கும். புதிதாகப் பிளந்த மண்ணிலிருந்து உடனே எடுத்து அடைக்கச் சொல்லுங்கள். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது எண்ணெயும் கூடவே ஏறி இறங்கி மண்ணில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அந்த உயர வித்தியாசம் முழுக்கப் பார்ப்பது அவசியம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். குறைந்தது 3 கண்காணிப்புக் கிணறுகள் (நீர்மட்டம் பார்க்கவும் மாதிரி எடுக்கவும் மட்டும் போடும் குழாய்க் கிணறுகள்) வேண்டும், ஒரே வரிசையில் இல்லாமல் முக்கோணமாக. மூன்றிலும் நீர்மட்டத்தை ஒரே பொது உயரத்தை அடிப்படையாக வைத்து அளந்தால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும், பாதிப்பும் அந்தப் பக்கம்தான் நீண்டிருக்கும். கிணற்றுக் குழாயில் தண்ணீர் உள்ளே வர ஓட்டை போட்ட பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் இருக்க வேண்டும். முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டால் மிதக்கிற எண்ணெய் கிணற்றுக்குள் வரவே வராது! தண்ணீர் மாதிரியைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். ஒரு குமிழி தெரிந்தாலும் வேறு குப்பியில் புதிதாகப் பிடியுங்கள், அப்புறம் ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள்.

லேபில் பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன், மொத்தப் பெட்ரோலிய அளவு, எம்டிபிஇ (பெட்ரோலில் கலக்கும் ஒரு சேர்மம்), இத்தனையும் கேளுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து பங்க் என்றால் ஈயமும். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். பெட்ரோலின் எடையில் 1 சதவீதம் பென்சீன் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரே ஒரு லிட்டரில் இருக்கிற பென்சீன் சுமார் 7 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுபோகப் போதும். கசிவு கொஞ்சம்தான் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் ஏறியிருக்கும்போது ஒரு முறை, இறங்கியிருக்கும்போது ஒரு முறை சோதியுங்கள். கட்டடம் கட்டுவதாக இருந்தால் மண்ணுக்குள் இருக்கும் ஆவியையும் தனியாக அளக்க வேண்டும், அது தரை விரிசல் வழியாக அறைக்குள் ஏறும்.

முடிவு வரும்வரை அந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், மோட்டார் போட்டு இறைக்கவும் வேண்டாம். இறைக்க இறைக்க, பக்கத்தில் இருக்கிற மாசு அந்தக் கிணற்றை நோக்கி இழுபட்டு வரும்.