வேறு மொழி, வேறு வழிபாட்டு முறை: எல்லையோரக் கத்தோலிக்கப் பள்ளியில் மகளைச் சேர்க்கும் முன்

கேள்வி: கோவை மாவட்டத்திலிருந்து கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடிபெயர்கிறோம். நாங்கள் இலத்தீன் முறைக் கத்தோலிக்கர். நான்காம் வகுப்பு முடித்த மகளுக்கு, அருட்சகோதரிகள் நடத்தும் எய்டட் (அரசு உதவி பெறும்) பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் இடம் கேட்டிருக்கிறோம். பள்ளியை ஒட்டியிருப்பது சீரோ மலபார் (கத்தோலிக்கத்துக்குள்ளேயே கேரளத்தின் வேறொரு வழிபாட்டு முறை) ஆலயம், செபமெல்லாம் மலையாளம். இந்த ஆண்டு அவளுக்குப் புதுநன்மை (முதல் முறை நற்கருணை) கொடுக்க வேண்டும். தமிழ் விட்டுப்போகுமோ என்ற பயமும் இருக்கிறது. ஜூன் மாதத்துக்குள் என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் கேட்டிருப்பவை மூன்று வெவ்வேறு காரியங்கள், மூன்றையும் மூன்று பேரிடம் கேட்க வேண்டும். சேர்க்கை, பாடமொழி, புத்தகம், மதிய உணவு ஆகியவை கேரள அரசின் விதிப்படி நடப்பவை. அவற்றுக்குத் தலைமையாசிரியை பொறுப்பு. காலைச் செபம், ஒழுங்கு, விழாக்கள் ஆகியவை பள்ளியை நடத்தும் சபையின் மேலாண்மையைச் சேர்ந்தவை. புதுநன்மையோ உங்கள் சொந்தப் பங்கின் (உங்கள் முறை ஆலயச் சமூகத்தின்) காரியம். முதல் மாதத்தில் பெற்றோருக்கு உண்டாகும் மனக்கசப்பில் பெரும்பகுதி, பங்குத்தந்தையிடம் கேட்க வேண்டியதை சிஸ்டரிடமும், சிஸ்டரிடம் கேட்க வேண்டியதை வகுப்பு டீச்சரிடமும் கேட்பதால் வருவதுதான்.

புதுநன்மைக்குத்தான் காலம் குறைவு என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். பாலக்காட்டில் ஒரே ஊரில் இரண்டு ஆயர்களின் பங்குகள் அடுத்தடுத்து இருப்பதைப் பார்ப்பீர்கள். சீரோ மலபார் பாலக்காடு மறைமாவட்டம் 1974-இல் உருவானது. கோவை, கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து 2013 டிசம்பரில் அமைக்கப்பட்ட சுல்தான்பேட்டை மறைமாவட்டம் இலத்தீன் முறையினருக்கானது. இடம் மாறியதும் நீங்கள் இரண்டாவதைச் சேர்ந்தவர்களாகிறீர்கள். ஆகவே வீடு பார்த்த கையோடு, பக்கத்திலுள்ள இலத்தீன் பங்கில் குடும்பத்தைப் பதிந்துகொள்ளுங்கள். பழைய பங்கிலிருந்து மகளின் திருமுழுக்குச் சான்றிதழையும், எந்த வகுப்பு வரை மறைக்கல்வி முடித்திருக்கிறாள் என்று பங்குத்தந்தை எழுதிக் கொடுக்கும் கடிதத்தையும் வாங்கி வாருங்கள். பிள்ளையைப் புதுநன்மைக்குத் தயாரிக்கும் கடமை முதலில் பெற்றோருக்கும், அவர்களோடு பங்குத்தந்தைக்கும் உரியது என்று திருச்சபைச் சட்டம் 914 சொல்கிறது. பள்ளியில் மறைக்கல்வி வகுப்பு நடந்தாலும் அது ஞாயிறு மறைக்கல்விக்கு ஈடாகாது.

பள்ளித் திருப்பலியில் கலந்துகொள்வது பற்றித் தயங்க வேண்டியதில்லை. எந்தக் கத்தோலிக்க முறையின் திருப்பலியிலும் பங்கேற்கவும், புதுநன்மை வாங்கியபின் அங்கே நற்கருணை பெறவும் அவளுக்கு உரிமை உண்டு. எத்தனை ஆண்டுகள் அப்படிப் பங்கேற்றாலும் அதனால் மட்டும் அவள் இலத்தீன் முறையிலிருந்து மாறிவிடுவதில்லை.

அவள் குழம்பக்கூடிய இடங்கள் இரண்டு. அவற்றை நீங்கள் முன்னாலேயே சொல்லி வையுங்கள். சீரோ மலபார் பிள்ளைகளுக்குத் திருமுழுக்கின்போதே உறுதிப்பூசுதல் என்ற அருட்சாதனத்தையும் கொடுப்பது இப்போதைய வழக்கம். நம் முறையில் அது பல ஆண்டுகள் கழித்து, தனித் தயாரிப்புக்குப் பிறகு வருவது. வகுப்பில் பேச்சு வரும்போது தனக்கு ஏதோ குறை வைத்துவிட்டார்கள் என்று பிள்ளை நினைக்கக் கூடாது. அதேபோல் அவர்களின் தவக்காலம் திங்கட்கிழமையே தொடங்கிவிடும். நமக்குத் திருநீற்றுப் புதன். தோழிகள் நோன்பு தொடங்கிய இரண்டு நாள் கழித்துத் தான் சாம்பல் பூசிக்கொள்வது ஏன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செபத்துக்கு மே மாதமே போதும். மாதா வணக்க மாதமாகையால் வீட்டில் செபமாலை சொல்லத்தான் போகிறீர்கள். ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்று ஒருமுறை, ‘ஸ்வர்க்கஸ்தனாய ஞங்ஙளுடெ பிதாவே’ என்று ஒருமுறை. ‘அருள் நிறைந்த மரியே’ என்று ஒருமுறை, ‘நன்ம நிறஞ்ஞ மறியமே’ என்று ஒருமுறை. தெரிந்த செபத்தின் பொருள் மேலேயே புதிய ஒலி படிந்துவிடும். (பிற சமயத்துப் பெற்றோரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ ஈடுபடுத்த அரசமைப்பின் 28(3) பிரிவு இடம் தரவில்லை. கத்தோலிக்க ஆயர் பேரவையின் 2024 வழிகாட்டுதலும், பிற சமய மாணவர் மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்க வேண்டாம் என்றே பள்ளிகளைக் கேட்டுக்கொள்கிறது.)

இனித் தமிழ். தாய்மொழிவழித் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அரசமைப்பின் 350ஏ பிரிவு. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பிரிவு உள்ள பள்ளிகளும் இருக்கின்றன. நீங்கள் கேட்டிருக்கும் பள்ளியில் தமிழ்வழிப் பிரிவு உண்டா, இல்லையென்றால் முதல் மொழியாகத் தமிழ் எடுக்க ஆசிரியர் உண்டா என்று தலைமையாசிரியையிடம் நேரடியாகக் கேளுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாம் வேலை நாளன்று எடுக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்தே வகுப்புப் பிரிவுகளும் ஆசிரியர் பணியிடங்களும் முடிவாகின்றன. தமிழ்ப் பிரிவில் தலை எண்ணிக்கை குறைந்தால் பிரிவே ஆட்டம் காணும். ஆகவே மாற்றுச் சான்றிதழும் ஆதாரும் பள்ளி திறக்கும் முன்பே கைவசம் இருக்கட்டும். பிற மாநிலச் சான்றிதழ் என்பதால் கல்வி அதிகாரியின் மேலொப்பம் வேண்டுமா என்பதையும் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் மலையாளம் வேண்டியிருக்கும். பேச்சு ஓணத்துக்குள் வந்துவிடும், இடறுவது கேட்டெழுத்தில்தான். கதை, தனம் இரண்டிலும் வரும் ஒலி நம் பிள்ளையின் காதில் ஒரே ‘த’ எழுத்தாகத்தான் விழும்; மலையாளத்தில் அவை இரண்டும் வேறு வேறு எழுத்துகள், அந்தத் ‘த’ வரிசையில் மொத்தம் நான்கு. அவள் நோட்டில் சிவப்பு மை விழுந்தால் திட்டாதீர்கள். அது படிப்புக் குறைவு அல்ல, காது பழகாததுதான். பாடத்திலிருந்து தினம் பத்துச் சொற்களை அடுத்த வீட்டு மலையாளி அக்கா யாரையாவது வாசிக்கச் சொல்லி எழுத வையுங்கள். டீச்சர் டயரியில் மலையாளத்தில் எழுதும் குறிப்பு உங்களுக்குப் புரியாவிட்டால், வாட்ஸாப்பில் குரல் செய்தியாக அனுப்பும்படி கேட்பதில் கூச்சம் வேண்டாம். எல்லையோரத்து ஆசிரியர் பலருக்குத் தமிழ் நன்றாகவே புரியும்.

செலவு பற்றிக் கவலை வேண்டாம். எய்டட் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் கிடையாது. எட்டாம் வகுப்பு வரை பாடநூலும் மதிய உணவும் இலவசம். பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) நிதி என்று கேட்டால் முடிந்ததைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

விடுமுறைக் கணக்கும் மாறும். இங்கே காலாண்டுத் தேர்வுக்குப் பதில் ஓணத் தேர்வு. ஓணத்தையொட்டிப் பத்து நாள் விடுமுறை. தைப் பொங்கலுக்குப் பாலக்காடு உட்பட ஆறு மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை உண்டு, ஆனால் தமிழ்நாட்டைப் போலத் தொடர் விடுமுறை கிடையாது. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. சில ஆண்டுகளில் ஓணத் தேர்வும் அதை ஒட்டியே வரும். தேர்வு அட்டவணையைப் பார்த்த பிறகே ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள்.